வழியில் நின்ற உதவித்தொகை: ஒரு மாணவியின் பத்து மாதங்கள்

அந்த மாணவியின் அப்பா 2024 ஆகஸ்டில் 30,000 ரூபாய் கடன் வாங்கினார். நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, சேரும் அன்றைக்குக் கட்டப் பணம் வேண்டும். அரசு உதவித்தொகை எப்படியும் வரும், தீபாவளிக்குள் கடனை அடைத்துவிடலாம் என்று நினைத்தார். உதவித்தொகை வந்தது, ஆனால் 2025 ஜூனில்தான் வந்தது. அதற்குள் பத்து மாத வட்டியாக 15,000 ரூபாய் கொடுத்து முடித்திருந்தார்.

அவள் என்னிடம் பிளஸ் டூ கணிதம் படித்தவள். நவம்பரிலிருந்து இந்த விண்ணப்பத்தின் பின்னால் நானும் அலைந்தேன். தகுதியில் எந்தக் குறையும் இல்லை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை. வேண்டுமென்றே யாரும் தாளைக் கிடப்பில் போடவில்லை. அப்படியிருந்தும் பத்து மாதம் ஆனது. எந்த இடத்தில், எதனால் நின்றது என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர், கல்லூரி, வங்கி எதையும் சொல்லவில்லை.

யாருக்கு எந்தத் திட்டம்

குடும்பம் பட்டியல் சாதியைச் சேர்ந்தது. அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அம்மாவுக்குக் களையெடுப்பும் நூறு நாள் வேலையும். பிளஸ் ஒன் படிக்கும் தம்பி ஒருவன். தாத்தா, பாட்டி வரை பார்த்தாலும் பட்டம் வாங்கியவர் கிடையாது. அவள் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் பள்ளியில், அதாவது அரசு உதவி பெறும் பள்ளியில், தமிழ் வழியில் படித்தாள். இந்த விவரங்களில் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு திட்டத்தின் கதவைத் திறக்கும் அல்லது மூடும்.

அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்திருக்கும். பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு அது 2021-ல் வந்தது. அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. எங்கள் பள்ளி 'உதவி பெறும்' பள்ளி என்பதால் அது இல்லை. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அதுவும் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அதை விரிவாக்கியது 2024 டிசம்பர் 30-ல். அப்போது அவள் கல்லூரியில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. முதல் பட்டதாரி சலுகைக்குத் தகுதி உண்டு; அதற்கு வருமான வரம்போ சாதி வரம்போ கிடையாது, ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு என்பது மட்டும் நிபந்தனை. ஆனால் ஒரே படிப்புக் கட்டணத்துக்கு இரண்டு வழியில் பணம் வாங்க முடியாது. இதைப் பலர் தெரிந்துகொள்ளாமல் இரண்டும் வரும் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறார்கள். இவர்களும் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

அவளுக்கு முதன்மையான வழி போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. 1944-ல், அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில் தொடங்கிய திட்டம் அது. பட்டியல் சாதி மாணவர்களில், பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டாதவர்களுக்கு, பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு உரியது. தமிழ்நாட்டில் 2012-ல் வந்த அரசாணை 92, தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்க வழிசெய்தது. ஆதிதிராவிடர் நலத் துறை அலுவலகங்களில் 'ஜிஓ 92' என்றால் போதும், விளக்க வேண்டியதில்லை.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இந்தத் திட்டத்தை மாற்றியமைத்தது. செலவில் 60 விழுக்காடு மத்திய அரசு, 40 விழுக்காடு மாநில அரசு. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு, மத்தியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். கட்டணம் போக, கல்விப்படியும் உண்டு: தொழிற்பட்டப் படிப்பு என்றால் விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போய்வருபவருக்கு 7,000.

அவளுக்குக் கலந்தாய்வில் கிடைத்த அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குப் படிப்புக் கட்டணம் 50,000. பேருந்தில் போய்வருபவள் என்பதால் கல்விப்படி 7,000. மொத்தம் 57,000. அதில் 60 விழுக்காடு 34,200. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சேர்ந்த நாள்

கல்லூரியில் என்ன சொன்னார்கள் என்பதை அவள் அப்பா என்னிடம் அப்படியே சொன்னார்: "அறுபது பர்சன்ட் உங்க பொண்ணு அக்கவுண்டுக்குத்தான் வரும். எங்களுக்கு வராது. அதனால முப்பதாயிரத்தை இப்பவே கட்டிடுங்க. கவர்மென்ட் பணம் வந்ததும் நீங்க எடுத்துக்கலாம்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திட்டத்தின் வழிகாட்டு நெறிமுறைகளிலேயே இதற்கு மாற்று வழி உண்டு. 'ஃப்ரீஷிப் கார்டு' என்ற ஓர் அட்டை. தகுதியுள்ள மாணவர் அதைக் காட்டினால் முன்பணம் கட்டாமல் சேரலாம். உதவித்தொகை தன் கணக்குக்கு வந்த பிறகு 7 நாளுக்குள் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். அவர்கள் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் தெரியாது. பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளுக்கு எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, கட்-ஆஃப் எவ்வளவு என்று மாதக்கணக்கில் பேசுகிறோம். சேர்க்கை நாளில் கவுன்டரில் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு மணி நேரம்கூடப் பேசியதில்லை.

வங்கியில் கல்விக் கடன் கேட்டிருக்கலாம். 4 லட்சம் வரை பிணையம் வேண்டியதில்லை. ஆனால் கல்லூரி கொடுத்த அவகாசம் மூன்று நாள். மூன்று நாளில் பணம் தருகிறவர் ஊரில் ஒருவர்தான். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. சட்டம் இருப்பதை நினைத்துப்பார்க்கிற நிலையில் அன்றைக்கு அந்த அப்பா இல்லை.

முப்பதாயிரத்துக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். அதில் 'படிப்புக் கட்டணம்' என்று எழுதவில்லை, 'அட்வான்ஸ்' என்று இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

சான்றிதழ்களில் போன இரண்டு மாதம்

அக்டோபரில் யூமிஸ் தளத்தில் விண்ணப்பம் போட்டாள். கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தந்து, உதவித்தொகை விவரங்களை ஒரே இடத்தில் வைக்கிற மாநில அரசின் தளம் அது. கல்லூரியில் இதற்கென்று இருந்த நோடல் அலுவலர் நல்லவர், மதிய உணவு இடைவேளையில்கூட உட்கார்ந்து பிள்ளைகளுக்குப் பதிவேற்றிக் கொடுத்திருக்கிறார். விண்ணப்பம் நின்றது அவரால் அல்ல.

முதல் தடை சாதிச் சான்றிதழ். அவளிடம் இருந்தது ஆறாம் வகுப்பில் வாங்கிய பழைய அட்டை. இப்போது கேட்பது இணையத்தில் எண்ணைக் கொண்டு சரிபார்க்கக்கூடிய சான்றிதழ். பழைய அட்டை செல்லாதது அல்ல, ஆனால் கணினிக்கு அதைப் படிக்கத் தெரியாது. மறுபடியும் இ-சேவை மையம், 60 ரூபாய், விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார். இரண்டாவது வருமானச் சான்றிதழ். இருந்த சான்றிதழுக்கு ஓராண்டு கடந்துவிட்டது. அதற்கும் அதே படிகள். இவை இரண்டுக்கும் சேர்த்து மூன்று வாரம். இதை நான் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். ஏப்ரலிலேயே வாங்கி வைத்திருந்தால் அந்த மூன்று வாரமும் மிச்சம்.

பெயர் விஷயம்தான் உயிரை எடுத்தது. நம் ஊரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் போடுகிறோம். மதிப்பெண் பட்டியலில் அப்படித்தான் இருந்தது. ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய், விரிந்து, அப்பாவின் முழுப் பெயராக நின்றது. அப்பாவின் பெயர் 'சாமி' என்று முடியும். அவருடைய ஆதாரில் ஆங்கிலத்தில் அது எஸ், ஏ, எம், ஒய். அவளுடைய ஆதாரில் எஸ்ஸுக்குப் பிறகு ஒரு டபிள்யூ. ரேஷன் கார்டில் அவருடைய கூப்பிடு பெயர். தமிழில் எழுதினால் எல்லாம் ஒரே ஆள். ஆங்கில எழுத்தில் மூன்று ஆள்.

இதில் எதை மாற்றுவது என்பதுதான் கேள்வி. மதிப்பெண் பட்டியலை மாற்றுவது நீண்ட வழி. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். அவசரத்தில் ஒரு முறையை வீணாக்கிவிட்டால் பிறகு கஷ்டம். அவள் தானாகவே ஒரு முடிவு எடுத்தாள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதுதான் மூலம், மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றுவது. சரியான முடிவு. அதற்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு சான்றிதழிலும் எழுத்துக்கு எழுத்து அதையே கொடுத்தாள். இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்பவரிடம், "அண்ணா, சப்மிட் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நான் பாத்துக்கறேன்" என்று கேட்டு, திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லிப் படித்துப் பார்த்திருக்கிறாள். பதினேழு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்பதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது, கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்குத் தெரியும்.

ஆதார் திருத்தப் போன இடத்தில் இன்னொன்று தெரிந்தது. கைரேகை ஒத்துப்போகவில்லை. எட்டு வயதில் எடுத்த ரேகை. 15 வயது ஆனதும் கைரேகையையும் கருவிழிப் பதிவையும் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும் என்பது விதி. அந்த வயதில் அதை யாரும் சொல்லவில்லை. அதையும் முடித்து, விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்தபோது டிசம்பர் கடைசி. ஜனவரியில் கல்லூரியும் துறையும் ஒப்புதல் கொடுத்துவிட்டன. பொங்கலுக்குக் கரும்போடு வீட்டுக்கு வந்து, "சார், அப்ரூவ்டுன்னு வந்துடுச்சு" என்றாள். நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அங்கேதான் நாங்கள் எல்லோரும் தவறு செய்தோம்.

பணம் போன இடம்

மார்ச் தொடக்கத்தில் அவளோடு படிக்கும் பிள்ளைகளுக்குப் பணம் வர ஆரம்பித்தது. அவளுக்கு வரவில்லை. கல்லூரியில் கேட்டால் "அரசு அனுப்பிவிட்டது, வங்கியில் கேள்." வங்கியில் கேட்டால் "எங்களுக்கு எதுவும் வரவில்லை, கல்லூரியில் கேள்." இப்படி மூன்று வாரம் போனது.

கல்லூரியில் சேர்ந்ததும் பக்கத்துக் கிளை ஒன்றில் புதுக் கணக்குத் தொடங்கியிருந்தாள். விண்ணப்பத்தோடு கொடுத்தது அந்தப் பாஸ்புக்கின் நகல். "ஆதார் லிங்க் ஆகியிருக்கா?" என்று நான் கேட்டதற்கு, "ஆயிடுச்சு சார், பேங்க்லயே சொன்னாங்க" என்றாள். வங்கி பொய் சொல்லவில்லை. ஆனால் 'லிங்க்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. இந்த ஆய்வில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

வங்கிக்கு ஆதார் நகல் கொடுத்து, கணக்கில் அந்த எண்ணைப் பதிந்துகொள்வது ஒன்று. அது உங்களை அடையாளம் காண்பதற்கு. இதை எத்தனை வங்கியில் வேண்டுமானாலும் செய்யலாம். இன்னொன்று, அரசுப் பணம் இந்த ஆதார் எண்ணுக்கு வந்தால் எங்கள் வங்கிக்கு அனுப்புங்கள் என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் அந்த வங்கி பதிவது. இதைத்தான் 'ஆதார் சீடிங்' அல்லது 'என்பிசிஐ மேப்பிங்' என்கிறார்கள். ஓர் ஆதார் எண்ணுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிதான் அதில் இருக்க முடியும். கடைசியாக எது பதியப்பட்டதோ அதுவே. அதற்கு நாம் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் தனியாகத் தர வேண்டும்.

ஆதார் வழியாக அனுப்பும் பணத்துக்கு முகவரி ஆதார் எண்தான். விண்ணப்பத்தில் எந்தக் கணக்கு எண்ணை எழுதினோம் என்பது அங்கே செல்லுபடி ஆகாது. எந்தப் பாஸ்புக்கின் நகலைக் கொடுத்தாலும், அந்தப் பட்டியலில் எந்த வங்கியின் பெயர் இருக்கிறதோ அங்கே பணம் போகும்.

சரி, அவளுடைய ஆதாருக்கு எந்த வங்கி? ஆதார் இணையதளத்தில் உள்ளே போனால் வங்கி சீடிங் நிலையைப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் உள்ளே போக ஓடிபி வேண்டும். ஓடிபி போவது ஆதாரில் பதிந்திருக்கிற கைபேசி எண்ணுக்கு. அந்த எண் அப்பா எப்போதோ தொலைத்த சிம். திருத்தப் போனபோது பெயரை மாற்றினோம், ரேகையைப் புதுப்பித்தோம், எண்ணை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தோம். மறுபடி ஆதார் மையம், மறுபடி ஒரு நாள் கூலி போனது.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை, பள்ளிக் கணினி அறையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைத் திறந்தோம். திரையில் வந்தது வேறொரு வங்கியின் பெயர். அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சார், இது நம்ம ஸ்கூல்ல திறந்தது" என்றாள்.

பத்தாம் வகுப்பில், 2021-22-ல், ப்ரீ மெட்ரிக், அதாவது பள்ளிப் பிள்ளைகளுக்கான உதவித்தொகைக்காகப் பள்ளி வழியாகவே பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கினோம். வரிசையில் நிற்க வைத்து, படிவத்தை நிரப்பி, கையெழுத்து வாங்கியதில் நானும் ஒருவன். அப்போது அந்த வங்கி சீடிங்கையும் முறைப்படி செய்திருந்தது. அவர்கள் வேலையை அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். அதனால்தான் மூன்று வருடம் கழித்தும் பணம் அந்த வங்கியைத் தேடிப் போனது.

போன பணம் ஏன் கணக்கில் ஏறவில்லை? அது மைனர் கணக்கு. 2024 டிசம்பரில் அவளுக்கு 18 வயது நிறைந்தது. 18 ஆனதும் புதிய மாதிரிக் கையெழுத்தும் அடையாள ஆவணங்களும் கொடுத்துக் கணக்கைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அதுவரை கணக்கு நிறுத்தி வைக்கப்படும். அவளுக்கு வந்த பணம் அந்தப் பூட்டிய கதவில் மோதித் திரும்பியிருக்கிறது. விண்ணப்பம் அக்டோபரிலேயே முழுமையாகப் போய், நவம்பரில் பணம் வந்திருந்தால் அந்தக் கணக்கிலேயே ஏறியிருக்கும். சான்றிதழ்களில் போன இரண்டு மாதத்தின் உண்மையான விலை இதுதான். தாமதம் தாமதமாக மட்டும் நிற்பதில்லை, அடுத்த தடையை அதுவே உண்டாக்கிவிடுகிறது.

உதவித்தொகைக்காகத் தொடங்கிய இருப்பில்லாக் கணக்குகளை, இரண்டு ஆண்டுக்கு மேல் பயன்படுத்தாமல் இருந்தாலும் செயலற்ற கணக்காக வகைப்படுத்தக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் 18 வயதில் கணக்கு நிற்பது வேறு விஷயம், அந்தச் சுற்றறிக்கை இதற்கு உதவாது. பிளஸ் டூவுக்கும் கல்லூரி முதலாண்டுக்கும் நடுவில்தான் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் 18 ஆகிறது. முதல் உதவித்தொகை வர வேண்டியதும் அதே மாதங்களில்.

இரண்டு வழி இருந்தது. பழைய கணக்கை உயிர்ப்பிக்கலாம், அல்லது சீடிங்கைப் புது வங்கிக்கு மாற்றலாம். பழைய வங்கி வீட்டிலிருந்து தூரம், புதியது கல்லூரிக்கு எதிரில். மாற்றுவது என்று முடிவு செய்தோம். முதல் முறை போனபோது கவுன்டரில் இருந்தவர் "ஆதார் ஏற்கெனவே இருக்கும்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாம் முறை என்ன சொல்லிக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: "ஆதார் பதிய வேண்டாம். பணப்பட்டுவாடாக் கழகப் பட்டியலில் முந்தைய வங்கியிலிருந்து இந்த வங்கிக்கு மாற்ற வேண்டும். ஒப்புதல் படிவம் கொடுங்கள்." படிவம் உடனே வந்தது. நான்காம் நாள் திரையில் புது வங்கியின் பெயர் தெரிந்தது. சரியான சொல் தெரியாததால் போன நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் மனம் கசக்கிறது.

சீடிங் மாறினால் மட்டும் போதாது. திரும்பிப் போன பணத்தை மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். அவள் அம்மாவோடு ஒரு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் மனு கொடுத்தாள். மனுவை எழுதியது அவளே. ஒரே பக்கம்: யூமிஸ் எண், விண்ணப்பம் ஒப்புதலான மாதம், பணம் திரும்பிய காரணம், இப்போது சீடிங் மாறிய தேதி, அதற்குச் சான்றாகத் திரையின் அச்சுப்படி. புகார் என்று ஒரு வரிகூட இல்லை. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் அந்தத் தாளைப் படித்தவர், "இப்படி எழுதிட்டு வந்தா எங்களுக்கும் வேலை சுலபம்" என்றாராம். 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்பு உதவி எண் 1100-க்கும் ஒரு பதிவு போட்டு வைத்தோம். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜூன் இரண்டாம் வாரம் கைபேசிக்குச் செய்தி வந்தது. 34,200 ரூபாய்.

ரசீதில் இருந்த ஒரு சொல்

பணம் வந்த மறுநாள் கல்லூரியிலிருந்து அழைத்தார்கள், அறுபது விழுக்காட்டைக் கட்டச் சொல்லி. ஏற்கெனவே முப்பதாயிரம் கட்டியாயிற்று என்றதற்கு, அந்த 'அட்வான்ஸ்' தொகையில் ஒரு பகுதி பேருந்துக் கட்டணத்துக்கு வைக்கப்பட்டுவிட்டது என்றார்கள். அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகாமல் என்னைத் தேடி வந்தார். சத்தமாகப் பேசாதவர், அன்றைக்கு உட்காரவேயில்லை.

படிப்புக் கட்டணம் எவ்வளவு, அதில் அரசு தருவது எவ்வளவு, பேருந்துக் கட்டணம் தனியாக எவ்வளவு, அதைத் தனியாகத் தவணையில் கட்டுகிறோம், முப்பதாயிரத்தைப் படிப்புக் கட்டணமாக மாற்றி ரசீது தாருங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டதற்கு நகலில் முத்திரையும் கேட்டு வாங்கினோம். ஒரு வாரத்தில் புது ரசீது வந்தது. கடனின் அசல் அன்றே அடைந்தது.

என் கணிப்பு

நேரடியாக மாணவர் கணக்குக்கே பணம் என்ற மாற்றத்தை நான் எதிர்க்கவில்லை. கல்லூரிகளுக்கு மொத்தமாகப் பணம் போனால், இல்லாத மாணவர் பெயரில் வாங்குவது போன்ற முறைகேடுகளுக்கு இடமுண்டு. தன் பெயரில் முப்பதாயிரம் ரூபாய் வந்து இறங்குவது ஒரு பெண்ணுக்குத் தருகிற நிமிர்வும் சிறியது அல்ல. அவள் அந்தச் செய்தியைப் படித்துக் காட்டிய குரலை நான் கேட்டேன்.

ஆனால் பணத்தோடு சேர்ந்து, அந்தப் பணத்தைத் தேடும் வேலையும் கல்லூரி அலுவலகத்திலிருந்து பிள்ளையின் தோளுக்கு மாறிவிட்டது. முன்பு கல்லூரிக் கணக்கர் பத்துப் பேரைக் கேட்டுப் பின்தொடர்ந்த வேலையை, இப்போது வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு முதலாண்டு மாணவி தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது ஒரு தொல்லை. இவளுக்கு அது மாதம் 1,500 ரூபாய். ஓர் ஆண்டுக்கு அரசு தரும் கல்விப்படி 7,000, தாமதத்துக்கு அந்த வீடு கட்டிய வட்டி 15,000. அந்த ஆண்டுக் கல்விப்படி முழுவதும் வட்டிக்குப் போய், அதற்கு மேலும் 8,000 கையிலிருந்து போயிருக்கிறது.

விண்ணப்பத்தை ஏற்கும்போதே, "உங்கள் ஆதாருக்கான பணம் இன்ன வங்கிக்குப் போகும், நீங்கள் கொடுத்திருப்பது வேறு வங்கி" என்று ஒரு வரி தமிழில் காட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பணம் திரும்பினால் காரணத்தோடு ஒரு குறுஞ்செய்தி போனால் மீதியும் தீரும். இரண்டும் கணினிக்குப் பெரிய வேலை இல்லை. அதுவரை அந்த வரியைச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள், அதாவது பள்ளிக்கூடத்தார். கணக்குத் தொடங்கி வைத்தவர்கள் நாங்கள்தானே. அந்தக் கணக்குக்கு 18 வயதில் என்ன ஆகும் என்று சொல்லாமல் அனுப்பியதும் நாங்கள்தான்.

இந்த ஆண்டு பிளஸ் டூ வகுப்புகளில் பிப்ரவரிக்குள் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். ஆதாரில் கைபேசி எண் உயிரோடு இருக்கிறதா, 15 வயதுப் புதுப்பிப்பு முடிந்ததா, எழுத்துக்கு எழுத்துப் பெயர் ஒத்திருக்கிறதா, சீடிங் எந்த வங்கியில். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் போதும். பழைய மாணவி சனிக்கிழமைகளில் உதவிக்கு வருகிறேன் என்று சொல்லி, இரண்டு வாரம் வந்தும்விட்டாள். முதல் வாரமே ஒரு பையனுக்கு, அவன் வீட்டில் யாருக்கும் தெரியாத ஒரு வங்கியின் பெயர் திரையில் வந்தது. அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, பத்தாவதுல ஏதாவது அக்கவுண்ட் திறந்தாங்களா?"

அவளுடைய இரண்டாம் ஆண்டு விண்ணப்பத்துக்கு வருமானச் சான்றிதழ் புதுப்பித்தாகிவிட்டது. புதுமைப் பெண் பணமும் இப்போது அதே கணக்குக்கு வருகிறது. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பி இப்போது பிளஸ் டூ, அவனுக்கும் பள்ளியில் தொடங்கிய கணக்கு இருக்கிறது. வாசலையொட்டிய சுவரில் மாதக் காலண்டர் தொங்கியது. பிப்ரவரிப் பக்கத்தில், தம்பிக்கு 18 முடிகிற தேதியைச் சுற்றி அப்பா பேனாவால் வட்டம் போட்டு, கீழே 'பேங்க்' என்று எழுதி வைத்திருந்தார்.